பதக்கடை டீச்சர்

பயிற்சிப் பட்டறைக்குப் போய்விட்டு வந்த ஆசிரியரைப் போல ஆபத்தான பிராணி எங்கள் மாவட்டத்தில் வேறு கிடையாது. யானைகூட ஊருக்குள் வருமுன் ஒரு மரத்தை முறித்துச் சத்தம் காட்டும். பட்டறைக்குப் போனவரோ கையில் ஒரு கோப்புடனும் முகத்தில் ஒரு சிரிப்புடனும் வருவார். சேதம் அடுத்த கிழமைதான் தெரியும்.

(யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அந்தப் பிராணி நான்தான்.)

அப்போது நான் வவுணதீவுப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் கணித ஆசிரியை. தினமும் காலையில் ரவுணிலிருந்து, அதாவது நகரத்திலிருந்து, வலையிறவுப் பாலத்தை ஸ்கூட்டியில் கடந்து போவேன். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனாலும் கல்வித் துறை எனக்காகத்தான் இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, சாதாரண வகுப்பில் இருக்கும் மீத்திறன் மாணவருக்குக் கலைத்திட்டத்தை எப்படிப் பொருத்தமாக்குவது என்று ஒரு பட்டறை வந்தது. அதிபர் யாரை அனுப்பலாம் என்று கேட்டு முடிக்குமுன் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பட்டறையை நடத்திய வளவாளர் நன்றாகத்தான் சொல்லித்தந்தார். வகுப்பில் உள்ள எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுக்கிறோம். வளர்ந்த பிள்ளைக்கு அது கக்கத்தில் இறுக்கும் என்றார். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்விக்காதீர்கள், அந்த நேரத்தை எடுத்து அந்தப் பிள்ளைக்கு ஆழமான வேலை கொடுங்கள் என்றார். எல்லாம் சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். கொடுக்கிற விதத்தைப் பற்றியும் அவர் ஏதோ சொன்னார். அது தேத்தண்ணி இடைவேளைக்குக் கிட்டவாக இருந்தபடியால் நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு முழுப் பட்டறையையும் என் கணவருக்குத் திரும்ப நடத்தினேன். அவர் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். பழுதைத் தவிர வேறெதையும் பெரிதாக நினைக்க மாட்டார்.

“தெரிஞ்சதத் திரும்பச் சொல்லக் கூடாது எண்டுதானே அங்க படிச்சுத் தந்தவங்க?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப ஏன் இத மூண்டாந்தரம் சொல்றாய்?”

பட்டறையின் பயனை ஒரு சாதாரண மனிதனுக்கு விளங்கப்படுத்த முடியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மீத்திறன் மாணவி ஒருத்தி தயாராகவே இருந்தாள். ஏழாம் தரத்தில் சதுர்ஷிகா. நான் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புமுன் விடையை எழுதி வைத்துவிட்டு அரைச்சுவருக்கு மேலால் மாடு பார்த்துக்கொண்டிருப்பாள். மாடும் அலுத்தால் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் செய்து கொடுத்து, கூலியாக ஜம்புப்பழம் வாங்குவாள். நான் பலகையில் பிழைவிட்டால் சொல்ல மாட்டாள். ஒரு மாதிரிப் பார்ப்பாள். அந்தப் பார்வையைக் கண்டாலே நான் கணக்கை முதலில் இருந்து சரிபார்க்கத் தொடங்கிவிடுவேன்.

பட்டறை முடிந்த கிழமையே அவளுடைய அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“டீச்சர், குறை நினைக்காதீங்க. புள்ளட விடுகைப் பத்திரம் வேணும்.”

“ஏன்? எங்க போகப் போறீங்க?”

“நாங்க ஒரு இடமும் போகல்ல. புள்ளயத்தான் ரவுணுக்கு அனுப்பப் போறம், என்ட தங்கச்சிட வீட்ட. தெரிஞ்சதையே படிச்சுக் குடுக்காங்களாம். ஒவ்வொரு நாளும் வீட்ட வந்து ஒரே அழுகை.”

தாய்க்குப் பின்னால் நின்ற சதுர்ஷிகா மெல்லச் சொன்னாள்: “சின்னம்மாட வீட்ட போக எனக்கு விருப்பமில்ல டீச்சர். ஆனா இஞ்ச சும்மா இருக்கவும் ஏலா.”

பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பாடசாலைகளில் இது புதிய கதை இல்லை. கொஞ்சம் சூட்டிகையான பிள்ளை என்றால் ரவுணுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். பன்னிரண்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வீட்டு அறையில் போய்ப் படுக்க வேண்டும், காரணம் கணக்குக் கெதியாக வருகிறது என்பதுதான். அந்தப் பிள்ளையைப் போகவிடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

“இந்தத் தவணை முடியட்டும் அம்மா. இந்த வகுப்புக்குள்ளேயே உங்கட புள்ளைக்கு ஒரு தனிப் பாதை போட்டுத் தாறன்” என்றேன்.

“பாதையா?” என்றார் தாய். “எங்கட றோட்டையே இன்னும் போட்டு முடிக்கல்ல டீச்சர்.”

ஆனாலும் சம்மதித்தார். அதிபரும் சம்மதித்தார். “நல்ல விசயம் டீச்சர். முதல்ல சத்தமில்லாமச் செஞ்சு பாருங்க” என்றார். ‘சத்தமில்லாம’ என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் என் காதில் விழுந்தது. அன்றைக்கே ஆசிரிய ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு மாதிரிப் பாடம் செய்து காட்டப் போகிறேன், வாருங்கள் என்றேன். பெற்றோரும் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் எல்லாருடைய தாய் தகப்பனுக்கும் அழைப்பு அனுப்பினேன். (கூட்டம் இல்லாமல் விழுந்தால் எழும்பித் தூசியைத் தட்டிவிட்டுப் போகலாம். கூட்டத்தை நானே வெற்றிலை வைத்துக் கூப்பிட்டேன்.)

பாடம், பரப்பளவு. வகுப்புக்குச் செவ்வகம், சதுரம். சதுர்ஷிகாவுக்கு மட்டும் ஒரு விசேட செயலட்டை. அதில் ஒரு கோணல் வயல். ஐந்து பக்கம்; ஒன்றுக்கொன்று சமமில்லை. அதை முக்கோணிகளாக வெட்டிப் பரப்பளவு காண வேண்டும். வரைந்து முடித்துவிட்டு நானே அதைச் சுவரில் சாய்த்து வைத்துத் தூர நின்று பார்த்தேன். அவ்வளவு அழகு.

அடுத்தது பெயர். எங்கள் பாடசாலையில் குழு என்றால் மல்லிகை, தாமரை, ரோஜா. வருடக்கணக்காக அதே பூக்கள், அதே வாட்டம். நான் புதுமைக்காரி அல்லவா? மண்ணோடு சேர்ந்த பெயராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது ரவுணில். நெல்லோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே அது அரிசியாகிக் கடைக்கு வந்த பிறகுதான். ஆசிரியர் ஓய்வறையில் யாரோ பேசும்போது ‘பொலி’ என்ற சொல் காதில் விழுந்திருந்தது. களவெட்டி என்கிற நெற்களத்தில் சூடடித்து, காற்றில் தூற்றி, சுத்தமாகக் குவித்து வைக்கிற நெல்தான் பொலி. அந்தக் குவியலுக்குக் கிட்ட யாரும் செருப்போடு போக மாட்டார்களாம். எவ்வளவு மரியாதையான சொல். தங்க நிறப் பிரிஸ்டல் போட்டில் ‘பொலி’ என்று பெரிதாக எழுதி வெட்டினேன். மற்றப் பிள்ளைகளுக்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பேன். போட் முடிந்துவிட்டது.

பாட நாள் வந்தது. எங்கள் வகுப்பறைக்கு அரைச்சுவர்தான், அதற்கு மேல் கூரைவரை திறந்தவெளி. நடுவில் ஒரு மேசை, அதில் பொலி என்று எழுதிய தங்கப் பலகை, பக்கத்தில் சதுர்ஷிகா. மற்றவர்கள் அரைச்சுவரோரம் நீள வாங்குகளில். பின்னால் பெற்றோர். முன்னால் ஒரு நல்ல கதிரையில் ஆசிரிய ஆலோசகர். மென்மையாகப் பேசுகிற ஒரு பெண்மணி. அவருக்கு வேர்க்கக் கூடாது என்று அதிபரின் அறையில் இருந்த ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்து நடு மேசைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன். எல்லாம் நான் கீறின படம் போலவே இருந்தது. நான் கலைத்திட்டம் பற்றிச் சிறு விளக்கம் ஒன்றைத் தொடங்கினேன்.

பின் வாங்கில் முணுமுணுப்புக் கேட்டது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள், பெருமைப்படுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது லதுசனின் அம்மா எழும்பினார். லதுசன் எங்கள் வகுப்பின் வாய். கணக்குக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது.

“டீச்சர், அந்த மேசையில பொலி எண்டு எழுதிரிக்கி.”

“ஓம் அம்மா” என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

“அப்ப இஞ்சால இரிக்கிற எங்கட புள்ளயள் என்ன?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஆயிரம் விடை இருக்கிறது. பூக்களின் பெயரே போதும். மல்லிகை என்று சொல்லியிருந்தால்கூடத் தப்பியிருப்பேன். நான் சிரித்த முகத்தோடு சொன்னேன்:

“அவங்க மிச்சம்.”

வகுப்பு அமைதியானது. அந்த அமைதியைப் பாடத்தின் வெற்றி என்று ஒரு கணம் நினைத்த என்னை என்னவென்று சொல்வது?

“பொலிய அள்ளினா மிச்சம் பதக்கடைதானே டீச்சர்” என்றார் லதுசனின் அம்மா.

பதக்கடை என்றால் பதர். உள்ளுக்குள் அரிசி இல்லாத வெறும் சப்பட்டை நெல். வயல்காரர்களின் வாயில் அதைவிட ஒரு கீழான சொல் கிடையாது. சோம்பேறி மருமகனைக்கூட யோசித்துத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் ஊரில் உள்ள எல்லாருடைய பிள்ளைகளையும், தாய் தகப்பனையும் கூப்பிட்டு வைத்து, தங்க எழுத்தில் சொல்லியிருந்தேன்.

லதுசன் கையைத் தூக்கினான். “டீச்சர், பதக்கடைய எரிக்கிறதுதானே. எங்கள எப்ப எரிக்கிற?”

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. நான் நிலைமையைச் சமாளிக்க இறங்கினேன். பட்டறையில் படித்த சொல்லெல்லாம் வரிசையாக வந்தன. பிள்ளைகளில் பல வகை உண்டு, சிலர் மீத்திறன் உள்ளவர்கள், சிலர் மெல்லக் கற்போர் என்று சொல்லிக்கொண்டே, எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறேன் என்று பார்க்காமல் கையை நீட்டிவிட்டேன். நீட்டின திசையில் லதுசனின் அம்மா இருந்தார்.

“நானா டீச்சர் மெல்லக் கற்பது?” என்றார் அவர்.

பெற்றோர் சூடாகிவிட்டார்கள் என்பது எனக்கும் விளங்கியது. சூட்டுக்கு மருந்து காற்று. ஓடிப்போய் ஃபேனை முழு வேகத்தில் முறுக்கிவிட்டேன்.

அதுதான் அன்றைக்கு நான் செய்த கடைசித் திட்டமிட்ட வேலை. நடு மேசைக்குப் பின்னாலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. பொலி மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. சதுர்ஷிகா தன் அட்டைமேல் கேத்திரகணிதப் பெட்டியை வைத்திருந்தாள். அரைச்சுவரோரம் இருந்த மிச்சத்தின் செயலட்டைகள் எல்லாம் ஒரே எழும்பாக எழும்பி, பிள்ளைகளின் தலைக்கு மேலால், அரைச்சுவருக்கு மேலால், முற்றத்தில் போய் விழுந்தன.

பின்னால் ஒரு தகப்பன் நிதானமாகச் சொன்னார்: “காத்தும் வந்திற்று. பொலி நடுவில கிடக்கு, பதக்கடை வெளியால பறக்கு. டீச்சர் சரியாத்தான் தூத்துறா.”

அதோடு பெரியவர்களும் உடைந்துவிட்டார்கள். அதிபர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஆலோசகர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் கடதாசி பொறுக்க முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். நான் ஃபேனை நிறுத்தப்போய், அவசரத்தில் அதைத் தலையாட்ட வைத்துவிட்டேன். அது பெற்றோர் பக்கமும் திரும்பி ஒருமுறை தூற்றிவிட்டு வந்தது.

கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்க்கிறேன், நடு மேசையில் சதுர்ஷிகா தனியாக உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. முகம் சிவந்து, கண் நிறைந்து நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளோ அந்தத் தங்கப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தபடியால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். இப்போது அவளுக்கு அந்த வகுப்பில் ஒரு சினேகிதியும் மிஞ்சுமா என்று எனக்குப் பயம் பிடித்தது. எனக்கும் அழுகை வந்தது.

அவள் எழும்பித் தன் அட்டையை எடுத்துக்கொண்டு லதுசனின் வாங்குக்கு நடந்தாள்.

“சதுர்ஷிகா, உங்கட இடம் இஞ்ச” என்றேன். (நான் அப்போதும் பாடக்குறிப்பை விடவில்லை.)

“பொலி எண்டா குவியல் டீச்சர்” என்றாள். “நான் ஒராள்தானே. ஒராள எப்பிடிக் குவிக்கிற?”

நான் கையில் இருந்த பாடக்குறிப்பை மூடி வைத்தேன்.

முற்றத்திலிருந்து வந்தவர்கள் அவளுடைய அட்டையைச் சுற்றி நின்றார்கள். “ஆர்ர வயல் இது? இப்பிடிக் கோணலா வரம்பு கட்டினவன் ஆரு?” என்று லதுசன் கேட்டான். ஒருத்தி இங்கால் வெட்டலாம் என்றாள், ஒருத்தன் அங்கால் என்றான். சதுர்ஷிகா பென்சிலால் கோடு போட்டாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். நேரம் போனது. அவளுக்கு ஒரு கணக்கு இவ்வளவு நேரம் எடுத்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். இவ்வளவு நடந்தும் என் செயலட்டை வேலை செய்கிறதே என்று எனக்குள் பழைய பெருமை மெல்லத் தலைதூக்கியது.

அவள் நிமிர்ந்தாள். “டீச்சர், இது செய்யேலா.”

“ஏலும் மகள். யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சன் டீச்சர். ஒரு அளவு காணாது.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். காணாதுதான். வயலின் அழகில் மயங்கி ஒரு முக்கோணிக்கு அளவு எழுத மறந்துபோயிருந்தேன். ஆலோசகர் பேனையைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். என் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

“அதுதான் கணக்கு” என்றேன். “என்ன அளவு காணாது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் மீத்திறன் மாணவருக்கான சவால்.”

ஆலோசகர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். அன்றைய பாடத்தில் அவர் மனம் நிறைந்து பாராட்டியது அந்த ஒரு இடத்தைத்தான். சதுர்ஷிகா எழுதவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. தன் வழக்கமான அந்தப் பார்வையால் என்னை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள், கன்னக் கொடுப்புக்குள் சிரிப்பு.

அடுத்த நாள் காலை அவளுடைய அம்மா அலுவலக வாசலில் நின்றார். எனக்கு விளங்கியது. அவரை அதிபரிடம் போகவிடாமல், நானே முன்னால் போய், “பத்திரத்துக்குத்தானே அம்மா? எழுதித் தாறன்” என்றேன்.

“இப்ப வேணா டீச்சர். புள்ள போக மாட்டாளாம்.”

“ஏன்?”

தாய் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டார். “‘நாளைக்கு டீச்சர் என்ன செய்வாவோ தெரியாதே, அதப் பாக்கணும்’ எண்டு சொல்லுறாள்.”

மாணவரின் ஆர்வத்தைத் தூண்டுங்கள் என்று வளவாளர் சொன்னது இதைத்தானா என்று தெரியாது. நான் தூண்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் சொன்ன பாதையும் ஒருவாறு அமைந்தது. பாடம் தொடங்குமுன் சின்னதாக ஒரு சோதிப்பு வைப்பேன். தெரிந்தவர்கள் பயிற்சிக் கணக்கைச் செய்ய வேண்டியதில்லை. பின்சுவரில் ஒரு கடினமான கணக்குத் தொங்கும். யாரும் போய்த் தொடலாம். பெரும்பாலும் சதுர்ஷிகாதான் தொட்டாள், ஆனால் அவள் மட்டும் இல்லை. சில கிழமைகளில் அந்தக் கணக்கை அவளே எழுதித் தந்தாள். எல்லா அளவும் இருக்கும். குழுவும் இல்லை, மேசையும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று தேவைப்பட்டது. பெயர் வைக்க என்னை யாரும் விடவில்லை.

வைத்தவன் லதுசன். “புதிர் எண்டு வைங்க டீச்சர்” என்றான். கணக்கும் புதிர். அந்த ஊரில், அறுவடையில் முதல் எடுக்கிற புது நெல்லும் புதிர். அதை எடுத்த வீட்டார் தாங்கள் மட்டும் தின்ன மாட்டார்கள், அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுப்பார்கள். இரண்டையும் ஒரு சொல்லில் போட்டுவிட்டு அவன் வாங்கில் சாய்ந்துகொண்டான். என் கோப்பில் அவன் பெயர் மெல்லக் கற்போர் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு இடைவேளையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ் வைத்துக்கொண்டேன்.

சதுர்ஷிகா உயர்தர வகுப்புக்குத்தான் பாலத்தைக் கடந்தாள், தானாக, சிரித்துக்கொண்டு. நான் மாற்றலாகி ரவுணுக்கே வந்துவிட்டேன். பெயர் மட்டும் என்னோடு பாலத்தைக் கடந்து வந்தது. ரவுண் சந்தையில் வவுணதீவு ஆட்கள் என்னைக் கண்டால், “பதக்கடை டீச்சர், சுகமா இரிக்கிறீங்களா?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்பார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். எங்கள் வீட்டில் ‘மிச்சம்’ என்ற சொல் தடை. மிச்சக் கறி இருக்கிறதா என்று கேட்க முடியாது. நான் ஃபேனைப் போட எழும்பினால் மகள் கொப்பிகளை அமத்திப் பிடிப்பாள். கணவர், “தூத்தப் போறா, பொலியெல்லாம் நடுவுக்கு வாங்க” என்பார்.

நான் இன்னும் பட்டறைகளுக்குப் போகிறேன். இப்போது பெயர் வைப்பது பற்றி நானே அரை மணித்தியாலம் பேசுகிறேன், மிக நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு அறுவடைக்கும் லதுசனின் அம்மா புதிர் அரிசி ஒரு பை அனுப்புவார். இந்த முறை பை வந்த கையோடு அவருடைய போனும் வந்தது. கணவர்தான் எடுத்தார், எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார்.

“புதிர் கிடைச்சிற்றா டீச்சர்? நல்லாத் தூத்தித்தான் அனுப்பிரிக்கம். ஒரு பதக்கடையும் இல்ல.” பிறகு அதே குரலில் சொன்னார்: “ஏற்கெனவே அங்க ஒராள் இரிக்கிறது போதும்.”